வைத்துக்கொள்வோம் சாரும் பதினோரு வரைபடங்களும்

வைத்துக்கொள்வோம் இனத்தாரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். இனத்தின் பெயர் தெரியாமல் பார்த்திருப்பீர்கள், அவ்வளவுதான். நாலு பேர் கூடி ஒரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதில் இருக்கும் முடிச்சு, மேடு, பள்ளம், சந்துபொந்து எல்லாவற்றையும் ஒருவர் மூச்சிரைக்க விளக்கிக்கொண்டிருப்பார். அப்போது நாற்காலியில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடி, மேசையின் மேல் இஸ்திரி போடுவதுபோல உள்ளங்கையை ஒரே இழுப்பாக இழுத்து, "சரி, அதெல்லாம் இல்லேன்னு வச்சுக்குவோம்" என்பாரே ஒருத்தர், அவர்தான். பிரச்சினை தீர்ந்துவிடும். தீர்ந்தது வேறு ஏதோ பிரச்சினை என்பது அப்புறம்தான் தெரியும்.

இந்த இனத்தில் கிளைகள் உண்டு. சாலையில் நெரிசலே இல்லை என்று வைத்துக்கொண்டு கிளம்பி, ரயிலின் பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஒரு கிளை. வருகிற பத்து விருந்தாளிகளுக்கும் ஒரே பசி என்று வைத்துக்கொண்டு சமைக்கிறவர்கள் இன்னொரு கிளை. ஆனால் எல்லாக் கிளைக்கும் வேராக நின்ற ஒருவரை நான் அறிவேன். அவரோடு பன்னிரண்டு வருஷம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தேன். அவர் இயற்பியல் பேராசிரியர். நான் பூச்சுக்காரன்.

சுவருக்குப் பூசுகிறவன் இல்லை. காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள் உலோகத்தை ஆவியாகக் கிளப்பி, கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய படலமாகப் படியவைக்கிறவன். எவ்வளவு மெல்லிசு? உங்கள் தலைமுடி ஒன்றை எடுத்து அதன் பருமனை இருநூறு பங்கு போட்டால், அதில் ஒரு பங்கு. (முடி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.)

இந்தப் படலம் எதற்கு? அதைச் சொல்லாமல் கதை நகராது. இரண்டு பரப்புகளை, நடுவில் காற்றுகூட இல்லாமல், மிக மிக நெருக்கமாகக் கொண்டுபோனால், அவை தாமாகவே ஒன்றையொன்று இழுக்கும். காந்தம் இல்லை, பசை இல்லை, நூல் இல்லை. ஒன்றுமே இல்லை என்று நாம் நினைக்கிற அந்த வெற்றிடம் உண்மையில் சும்மா இருப்பதில்லையாம். கண்ணுக்குத் தெரியாத மின்காந்தச் சலனம் அதில் ஓயாமல் குறுகுறுத்துக்கொண்டே இருக்கிறதாம். இரண்டு பரப்புகளுக்கு நடுவே அந்தக் குறுகுறுப்புக்கு இடம் சுருங்குவதால் இழுவிசை பிறக்கிறது. எவ்வளவு இழுக்கும் என்பது அந்தப் பரப்புகள் என்ன பொருள் என்பதைப் பொறுத்தது. உலோகம் என்றால் வலுவாக இழுக்கும். கண்ணாடி மாதிரிப் பொருள் என்றால் கொஞ்சம் சோம்பலாக இழுக்கும்.

இந்த விசையைக் கணக்குப் போடுவதுதான் நம் பேராசிரியரின் வாழ்க்கை. கணக்கில் அவர் புலி. நான்கு பக்கச் சமன்பாட்டை பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் போட்டு முடித்துவிடுவார். எப்படி முடிகிறது? "பரப்பு வழவழன்னு இருக்குன்னு வச்சுக்குவோம். பொருள் மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே சீரா இருக்குன்னு வச்சுக்குவோம்." நான்கு பக்கத்தில் மூன்றரை பக்கம் அங்கேயே உதிர்ந்துவிடும்.

மாணவர்கள் அவருக்கு 'வைத்துக்கொள்வோம் சார்' என்று பெயர் வைத்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. "என்னைத்தான் சொல்றாங்கன்னு ஏன் வச்சுக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் எப்படி? அதே சுருதிதான். அவருக்கு இரட்டைப் பெண்கள், ஒன்பது வயது. ஏழு நிமிஷம் முந்திப் பிறந்த பெரியவள் கிடுகிடுவென்று வளர்ந்தவள். சின்னவள் அவள் தோளுக்கு வருவாள். ஒருமுறை பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் மனைவி வெளியூரில் இருந்தார். காலணி வாங்கும் பொறுப்பு சாருக்கு வந்தது. பெரியவளுக்கு ஐந்தாம் அளவு, சின்னவளுக்கு மூன்றாம் அளவு. சார் கடைக்குப் போய் நாலாம் அளவில் இரண்டு ஜோடி வாங்கிவந்தார். சராசரி! பெரியவள் நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். சின்னவள் காலணியைத் தேடிக்கொண்டு போனாள்.

அவர் மனைவி கண் டாக்டர், அறுவை சிகிச்சை செய்கிறவர். ஊரிலிருந்து திரும்பி இதைக் கேட்டதும் அந்த அம்மாள் சொன்னது எங்கள் கட்டடம் முழுக்கப் பிரபலம்: "ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர்னு நான் வச்சுக்கிட்டா ஊர்ல பாதிப்பேர் சுவத்துல முட்டிப்பாங்க."

இதுவரைக்கும் சிரிக்கலாம். இதற்கு மேல் ஒரு பெண்ணின் மூன்று வருஷம் இருக்கிறது.

அவரிடம் ஓர் ஆய்வு மாணவி இருந்தாள். எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில், சாலையில் லாரி போனால்கூட அதிராத அறையில், அந்த விசையை உண்மையாகவே அளந்து பார்க்கிற வேலை அவளுடையது. நான் படலம் பூசித் தருவேன். அதன் மேல், பொன்முலாம் பூசிய குட்டி உருண்டை மணி ஒன்றை ஒரு மெல்லிய கம்பியின் நுனியில் தாங்கி, தொடாமல் தொடுகிற தூரம் வரை இறக்குவாள். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, விசை எவ்வளவு என்று குறித்து, வரைபடம் போடுவாள். அந்த அறையில் நான் தும்மினால் அது வரைபடத்தில் மலையாக எழும். அப்படிப்பட்ட வேலை.

முதல் வரைபடம் வந்தது. சாரின் கணக்கோடு பொருந்தவில்லை. கிட்டத்தில் விசை குறைவாக இருந்தது. எட்டத்தில் அதிகமாக இருந்தது. சாரின் கோடும் அவள் கோடும் கத்தரிக்கோல்போல நடுவில் குறுக்கே வெட்டிக்கொண்டன.

"தூசி விழுந்திருக்கும்மா. திரும்பப் பண்ணு" என்றார் சார்.

திரும்பச் செய்தாள். கத்தரிக்கோல். நான் புதுத் தகடு பூசிக் கொடுத்தேன். கத்தரிக்கோல். கருவியை அக்கக்காகப் பிரித்துப் பூட்டினாள். கத்தரிக்கோல். ஐந்தாவது தடவை சார் தூசியைக் கைவிட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்தார்.

"மணியை இறக்கும்போது உன் கை நடுங்குதுன்னு வச்சுக்குவோம். அப்போ இப்படித்தான் வரும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். கோபம்கூட இல்லை. ஆனால் அவர் வாயிலிருந்து விழுந்த 'வச்சுக்குவோம்' மாடிப்படி ஏறும்போதே உதிர்ந்துவிட, தேநீர் மேசைக்கு வந்து சேரும்போது 'அந்தப் பொண்ணுக்குக் கை நடுங்குமாமே' என்று ஆகியிருந்தது. அடுத்த வாரம் கணக்குப் பிரிவில் இருப்பவர்கூட என்னிடம் "நரம்புக் கோளாறாம், பாவம்" என்றார். அவர் அவளைப் பார்த்ததே கிடையாது.

அவளும் நம்பத் தொடங்கினாள். அதுதான் கொடுமை. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாள். கையெழுத்துப் போடும்போது மணிக்கட்டை இன்னொரு கையால் அழுத்திக்கொண்டாள். ஒருநாள் தகடு வாங்க என் அறைக்கு வந்தவள் கையை விரித்து நீட்டி, "அண்ணா, உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டாள்.

"என்னம்மா?"

"நடுங்குதா?"

"இல்லையேம்மா."

"எனக்குச் சில சமயம் நடுங்கற மாதிரி இருக்கு" என்றாள்.

மறு மாதம் அவளுடைய மூன்றாம் ஆண்டு மதிப்பீட்டுக் குழு கூடவேண்டும். பொருந்தாத முடிவோடு போய் நின்றால் அவள் ஆய்வுப் பதிவையே ரத்து செய்துவிடலாம். ஊருக்குத் திரும்பிப்போய் என்ன சொல்வாள்? கை நடுங்கியது என்றா?

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். கத்தரிக்கோல் ஏன் வருகிறது என்று எனக்கு ஓரளவு தெரியும்.

என் பூச்சு எந்திரத்தில் ஆக்சிஜன் விடுகிற வால்வு ஒன்று உண்டு. அது சூடேறச் சூடேறத் தாராளமாகிவிடும். அதனால் நான் பூசுகிற படலம் அடியில் நல்ல உலோகமாக இருக்கும். மேலே வர வர ஆக்சிஜன் சேர்ந்து, உச்சியில் ஏறக்குறையக் கண்ணாடி ஜாதியாகிவிடும். ஒரே படலம், ஆனால் தலை ஒரு குணம், கால் ஒரு குணம். இதை மூன்றாவது தகடு பூசியபோதே கண்டுபிடித்து சாரிடம் போய்ச் சொன்னேன்.

"சராசரி என்ன வருது?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அப்போ முழுக்க அந்தச் சராசரியாவே இருக்குன்னு வச்சுக்குவோம்" என்று மேசையில் கையை இழுத்துவிட்டார்.

நான் என்ன செய்தேன்? தலையாட்டினேன். பெரிய இடத்தில் சொல்லியாயிற்று, அவருக்குத் தெரியாததா என்று வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. அதை அவரே சொல்லியிருப்பார் என்றும் வைத்துக்கொண்டேன். என் குறிப்பேட்டில் மட்டும் எழுதி, மூடி, இழுப்பறையில் போட்டேன். எட்டு மாதம்!

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

சார் தன் வீட்டுக் கூடத்தில் இரண்டு சுவர்களுக்கு நடுவே பொருந்தும்படி ஒரு புத்தக அலமாரி செய்யச் சொல்லியிருந்தார். அகலத்தைத் தரையோரமாக ஒரே இடத்தில் அளந்தார். மேலேயும் அதே அகலம்தான் என்று வைத்துக்கொண்டார். சுவருக்கு அந்த விஷயம் தெரியவில்லை. அது மேலே போகப் போக இரண்டு விரற்கடை உள்ளே வந்திருந்தது. தச்சர் கொண்டுவந்து தள்ளிய அலமாரி பாதியில் சிக்கி, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் கூடத்துக்குள் துருத்திக்கொண்டு நின்றது. தச்சர், "நீங்க கொடுத்த அளவுதான் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சார் எனக்குப் போன் செய்தார். நான் இழைப்புளியோடு போனேன்.

அலமாரியின் பக்கப்பலகையை மேல்பாதியில் நான் இழைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த மாணவி வந்தாள், பதினோராவது வரைபடத்தோடு. முகத்தைப் பார்த்தாலே கத்தரிக்கோல் என்று தெரிந்தது. சார் வாங்கிப் பார்த்தார்.

"இன்னும் நடுக்கம் போகலையேம்மா" என்றார்.

அவள் காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் "அம்மா!" என்று வீறிட்டாள். நான் இழைத்துப் போட்ட மரச்சுருளை அள்ளி விளையாடியிருக்கிறாள். ஒரு சிலாம்பு நகக்கண்ணுக்குள் ஏறிவிட்டது. கண் டாக்டர் அம்மாள் சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தார். குழந்தை கையைக் காட்டமாட்டேன் என்றது. "அம்மா வேண்டாம், அம்மா ஊசி போடுவா!" அப்பா பக்கம் திரும்பியது. அப்பா, "வலிக்கலேன்னு வச்சுக்கோடா கண்ணு" என்றார். குழந்தை இரண்டு மடங்கு அலறியது.

அந்த மாணவி தன் பையிலிருந்து ஒரு கூரிய இடுக்கியை எடுத்தாள். பொன்மணியைப் பொருத்த வைத்திருக்கும் இடுக்கி. தரையில் உட்கார்ந்து, "எங்க, அக்காகிட்ட காட்டு. நான் டாக்டர் இல்ல" என்றாள்.

குழந்தை நீட்டியது.

நான் இழைப்பதை நிறுத்திவிட்டேன். நகத்துக்கும் சதைக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்த அந்த நுனியை இடுக்கி போய்த் தொட்டது, பிடித்தது, உள்ளே போன வழியிலேயே, அவசரமே இல்லாமல், வெளியே வந்தது. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. குழந்தை "எடுத்துட்டியா?" என்று கேட்டது. அதற்கே தெரியவில்லை.

கண் டாக்டர் அம்மாள் அந்தச் சிலாம்பைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கையா நடுங்குதுன்னு சொன்னீங்க?" என்றார் கணவரிடம்.

"இல்ல, அது வந்து, கருவியில வேலை செய்யும்போது நடுங்குதுன்னு..."

"இருபது வருஷமா நான் பக்கத்துல நிக்கறவங்க கையப் பாத்துக்கிட்டுதான் கத்தி புடிக்கறேன். எங்க ஆஸ்பத்திரியில இந்த மாதிரி ரெண்டு கை இருந்தா நான் நிம்மதியா லீவு போடுவேன். அந்த வரைபடத்தை எல்லாம் காட்டும்மா."

பதினொன்றையும் அவள் தரையில் பரப்பினாள். அந்த அம்மாளுக்கு இயற்பியல் தெரியாது. ஆனால் கண் தெரியும்.

"ஏங்க, பதினொண்ணும் ஒரே மாதிரி இருக்கே. நடுங்கற கை ஒருநாளைக்கு ஒரு மாதிரில்ல நடுங்கும்? பதினோரு தடவையும் அச்சடிச்ச மாதிரி நடுங்குமா ஒரு கை?"

சார் வாயைத் திறந்தார். உள்ளங்கையும் தானாக நீண்டது. மேசை பக்கத்தில் இல்லாததால் இழுக்க இடமில்லை.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, மாணவி பக்கம் திரும்பி, "வால்வும்மா" என்றேன். "படலம் சீரா இல்ல. அடியில உலோகம், மேல கண்ணாடி மாதிரி. எட்டு மாசமா எனக்குத் தெரியும். சார்கிட்ட சொன்னேன். உங்ககிட்ட சொல்லல. தப்பு என்னுதும்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பார்வை என்னைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது, உதடு முணுமுணுத்தது.

"கிட்டத்துல மேல்பகுதியோட ஆட்டம்தான். அதனால குறையுது. தூரம் போகப் போக அடியில இருக்கற உலோகமும் சேர்ந்து இழுக்குது. அதனால கூடுது." சட்டென்று எழுந்தாள். "சார், இது கத்தரிக்கோல் மாதிரிதான் வரணும்! வேற மாதிரி வந்திருந்தாத்தான் தப்பு!"

மறுநாள் ஒரு தகட்டைக் குறுக்கே உடைத்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் விளிம்பைப் பார்த்தோம். அடியிலிருந்து உச்சிவரை சாம்பல் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே ஏறியது, அந்தி வானம் மாதிரி. அவள் அந்தப் படலத்தைக் கணக்கில் நாற்பது அடுக்காக நறுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் அதனதன் குணத்தைக் கொடுத்து, விசையை மறுபடி கணக்கிட்டாள். நான்கு நாள் எடுத்தது. புதுக் கோடு பதினோரு வரைபடங்களின் மேலும் படுத்துக்கொண்டது.

சார் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஒவ்வொரு அடுக்குக்குள்ளயும் மட்டுமாவது சீரா இருக்குன்னு வச்சுக்கலாம் இல்லையா?"

"அது வச்சுக்கலாம் சார்" என்றாள் அவள், குழந்தைக்கு ஒரு மிட்டாய் கொடுப்பதுபோல.

மதிப்பீட்டுக் குழு கூடிய அன்று பூச்சுக்காரன் என்ற முறையில் என்னையும் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள். அவள் நன்றாகப் பேசினாள். கடைசியில் குழுத் தலைவர், மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, எல்லோரும் பயந்த கேள்வியைக் கேட்டார்.

"ஒரே பரிசோதனையை ஏன் பதினோரு தடவை செஞ்சீங்க? முதல் தடவையே சரியா இருந்ததுன்னா, அப்புறம் எதுக்கு எட்டு மாசம் வீணாச்சு?"

அவள் சாரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். என்ன சொன்னாலும் ஒருவரைக் காட்டிக்கொடுக்கவேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் தன்னையே.

சார் எழுந்து நின்றார். எனக்குத் தெரியும், இந்த இனத்தார் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வார்கள் என்று. 'நான் ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டேன்' என்பார்கள். 'கூட்டு முயற்சியில் இது சகஜம்' என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பரிசோதனையைப் பதினோரு தடவை செஞ்சது அந்தப் பொண்ணு" என்றார் சார். "தப்பைப் பதினோரு தடவை செஞ்சது நான். பொருள் ஒரே சீரா இல்லைன்னு எங்கிட்ட சொன்னாங்க. கணக்கு சுலபமா முடியணுமேன்னு கேக்கலை. அது போதாதுன்னு இந்தப் பொண்ணுக்குக் கை நடுங்குதுன்னு சொன்னேன். நடுங்கலை. அதையும் நீங்க குறிப்புல எழுதிக்கணும்."

தலைவர், "கை விஷயம் அவசியமா?" என்றார்.

"அவசியம்" என்றார் சார். "ஊரெல்லாம் பரவியிருக்கு."

எழுதிக்கொண்டார்கள். அவள் பதிவும் ரத்தாகாமல் நிலைத்தது. இப்போது அந்த அடித்தள அறைக்கு அவள்தான் பொறுப்பு. போன வாரம் என்னிடம் வந்து, "அண்ணா, இந்தத் தடவை வேணும்னே அடுக்குக்கு அடுக்கு மாத்திப் பூசிக் குடுங்க. விசையை நம்ம இஷ்டத்துக்கு வளைக்க முடியுமான்னு பாக்கலாம்" என்றாள். அந்த வால்வைக் கழற்றி எறியலாம் என்றிருந்தேன். அதற்கு இப்போது தனி மரியாதை.

சார் திருந்திவிட்டாரா? ஒரேயடியாகத் திருந்தினார் என்று சொன்னால் நானும் அந்த இனத்தில் சேர்ந்துவிடுவேன். சில நாள் மற்றவர் சொல்வதைக் கேட்கிறார். சில நாள் கை தானாக மேசைமேல் நகர்கிறது. பாதியில் நின்று, சட்டைப் பைக்குள் போய்விடுகிறது.

சரி, நீங்கள்? இதுவரை நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு வந்தீர்களே, ஒரு நிமிஷம் நில்லுங்கள். 'எங்க மாமியார் எப்பவுமே அப்படித்தான்' என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? 'எங்க சின்னவன் சோம்பேறி' என்று முழுப் பிள்ளைக்கும் ஒரே பூச்சு பூசி எத்தனை வருஷம் ஆகிறது? அலுவலகத்தில் எதிர் நாற்காலிக்காரர் முசுடு என்கிறீர்களே, அவரை இரண்டடிக்கு உள்ளே போய்ப் பார்த்ததுண்டா? ஆளை நறுக்கி நாற்பது அடுக்காகப் பார்க்கச் சொல்லவில்லை. அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும், சட்டமும் இடம் கொடுக்காது. இரண்டாவது அடுக்கு ஒன்று இருக்கக்கூடும் என்று சந்தேகப்பட்டால் போதும்.

எனக்குத் தெரியும், உங்களுக்கு இப்போது கட்டாயம் ஒருவர் ஞாபகம் வந்திருக்கும். 'அடடா, இதை அவர்தான் படிக்கணும்' என்று பக்கத்தை மடித்துவைக்கப் போகிறீர்கள். மடியுங்கள், தப்பில்லை. ஆனால் அவர் வீட்டுக்குப் போகும்போது அவர் கையில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். உங்களிடம் கொடுப்பதற்காக அவரும் ஒரு பக்கத்தை மடித்துவைத்திருப்பார்.